ஐந்தாம் வரிசை

மகேந்திரன் மாஸ்டர் ஆகஸ்டு மாதம் இறந்துபோனார். அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகுதான் பாடகர் குழுவுக்கு ஒரு விஷயம் உறைத்தது. முப்பது வருஷமாக அவர்கள் பாடிவந்த பாட்டெல்லாம் மாஸ்டர் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. அதைத் திறக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

ஆம்பூரில் அந்த ஆலயத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஷூ கம்பெனிகளில்தான் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும், முகத்தைக் கழுவிக்கொண்டு நேராகப் பயிற்சிக்கு வந்துவிடுவார்கள். மாஸ்டர் ஒவ்வொரு பாட்டையும் நான்கு குரல்களுக்குப் பிரித்து எழுதுவார். பெண்களுக்கு சோப்ரானோ, ஆல்டோ. ஆண்களுக்கு டெனர், எல்லாவற்றிலும் தாழ்ந்த பேஸ். ஒரு குரலுக்கு ஒரு வரிசை என்று, ஒன்றின் கீழ் ஒன்றாக நான்கு வரிசைகள். அப்படி அச்செடுத்த புத்தகங்கள் ஆலயத்து அலமாரியில் இருந்தன. அந்த வருஷத்து மழையில் அலமாரிக்கு நேர் மேலே கூரை ஒழுகியது யாருக்கும் தெரியவில்லை. செப்டம்பரில் திறந்து பார்த்தபோது தாளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், பூஞ்சை பிடித்து, கையோடு பிய்ந்து வந்தது.

கிறிஸ்மஸ் கீத ஆராதனைக்கு மூன்று மாதம்தான் இருந்தது. மாஸ்டருக்குப் பிறகு குழுவைப் பார்த்துக்கொண்டவர் தனபாக்கியம் டீச்சர். ஆல்டோவில் முப்பது வருஷமாகப் பாடுகிறவர். அவர் கோப்புகளைப் பென்டிரைவில் போட்டு வேலூரில் ஒரு கடைக்குக் கொடுத்தனுப்பினார். மாஸ்டர் பயன்படுத்திய மென்பொருளைச் செய்த கம்பெனியை மூடி வெகுகாலமாகிறது என்றும், வேறு எதுவும் இந்தக் கோப்புகளைக் கண்டுகொள்ளாது என்றும் சொல்லிக் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை டீச்சர் இதைச் சொன்னபோது எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேஸ் ஆட்கள் உட்காரும் பெஞ்சின் ஓரத்திலிருந்து ஒரு கை எழுந்தது. ஜெயப்பிரகாஷ்.

"நான் பாக்கறேன் டீச்சர். கம்பெனில தினமும் நமக்கு இதான் வேலை."

பொய்யில்லை. ஜெயப்பிரகாஷ் ஒரு ஷூ கம்பெனியின் பேட்டர்ன் செக்‌ஷனில் இருந்தார். ஜெர்மனியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வாங்குபவர்கள் அவரவர் மென்பொருளில் வரைந்து அனுப்பும் ஷூ வடிவங்களைத் தன் கம்பெனி மென்பொருளுக்குள் கொண்டுவருவதும், கொண்டுவரும்போது கெட்டுப்போனதைச் சரிசெய்வதும்தான் அவருக்கு வேலை. ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகும், இல்லாத ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளும். தையல் கோடு வரும், அதன் மேலிருந்த அடையாளம் வராது. ஒரு மில்லிமீட்டர் பிசகினால் ஷூ காலில் ஏறாது. பதினெட்டு வருஷமாக அவர் கண் இதற்குப் பழகியிருந்தது.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. சொந்த ஊர் அரக்கோணம். அப்பா ரயில்வே. 2006இல் வேலை கிடைத்து ஆம்பூருக்கு வந்தவர், மக்பூல் அகமது என்பவரின் வீட்டு மாடியில் குடியேறினார். பிறகு வேறு வீடு மாறவில்லை. கல்யாணப் பேச்சு நாலைந்து தடவை வந்து தள்ளிப்போனது. அம்மா போன பிறகு பேசவும் ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் செய்வார். இரண்டு நிமிஷத்தில் இருவருக்கும் பேச்சு தீர்ந்துவிடும். வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை, ஜெயப்பிரகாஷ் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொள்வார். அது பயிற்சிக்காக.

குழுவில் அவர் இரண்டாம் பேஸ். மற்ற பேஸ் ஆட்கள் மூன்று பேரும் முதல் பேஸ். சேர்ந்த புதிதில் மாஸ்டரே அவரைத் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் குரல் அடியில் நிற்கிற குரல், உங்களுக்குத் தனி வரிசை என்று சொல்லியிருந்தார். மற்றவர்கள் அலமாரியிலிருந்து புத்தகம் எடுத்துக்கொள்வார்கள். ஜெயப்பிரகாஷுக்கு மட்டும் மாஸ்டர் தன் கையால் தாள்களைக் கொடுப்பார். அவற்றை அவர் ஒரு நீல ஃபைலில் கோத்து வீட்டில் வைத்திருந்தார். காலையில் பஸ்ஸுக்குப் போகும் முன் அரைமணி நேரம் அதைப் பார்த்துப் பாடிப் பழகுவார். கம்பெனியில் யாராவது கேட்டால், தாழ்ந்த குரல் அமைவது அபூர்வம், எங்கள் குழுவிலேயே நான் ஒருவன்தான் என்று சொல்வதுண்டு.

மாஸ்டரின் வீடு மாதனூர் போகிற வழியில் இருந்தது. ஜெயப்பிரகாஷ் போனபோது மாஸ்டரின் மகள் பூர்ணிமா பாத்திரங்களை அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கேயே குவார்ட்டர்ஸுக்குப் போகப்போகிறாளாம். கம்ப்யூட்டர் மேஜை மட்டும் கலையாமல் இருந்தது.

"அப்படியே எடுத்துக்கினு போங்க அங்கிள். திருப்பிக் குடுக்க வேணாம்," என்றாள்.

அவர் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்தார்.

இருநூற்றுப் பன்னிரண்டு பாட்டுகள் இருந்தன. பழைய மென்பொருள் அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் ஓடியது, அதுவும் முனகிக்கொண்டு. அதிலிருந்து மிடி என்கிற ஒலிக்கோப்பாக வெளியே எடுத்து, புதிதாக இறக்கிய சுரம் எழுதும் இலவச நொட்டேஷன் மென்பொருளில் திறந்து பார்த்தார். சுரங்கள் வந்தன, சொற்கள் வரவில்லை. திரும்பப் பாட வேண்டிய இடங்களெல்லாம் மறுபடி மறுபடி எழுதப்பட்டு, மூன்று பக்கப் பாட்டு பதினொரு பக்கமாக நீண்டிருந்தது. இது ஆகாது என்று விட்டுவிட்டு, ஒரு வாரம் இணையத்தில் தேடினார். எல்லா நொட்டேஷன் மென்பொருள்களும் படிக்கக்கூடிய பொதுவான கோப்பு வகை ஒன்று உண்டு. அந்த வகையில் வெளியே எடுக்கப் பழைய மென்பொருளுக்கு யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் எப்போதோ ஒரு துணை நிரல் எழுதியிருந்தார். அதைப் போட்டதும் வேலை நடந்தது.

முதல் பாட்டு புதிய திரையில் விரிந்தபோது ஜெயப்பிரகாஷ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். சுரங்கள் சரி. தாளம் சரி. திரும்பும் இடங்கள் சரி. சொற்கள்தான் போயிருந்தன. மாஸ்டர் தமிழ் வரிகளைப் பழைய காலத்து எழுத்துருவில் அடித்திருந்தார். தாயே, தந்தையே என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக எறும்பு மொய்த்ததுபோல் கிடந்தது. பழைய கம்ப்யூட்டரை இடது பக்கமும் லேப்டாப்பை வலது பக்கமும் வைத்துக்கொண்டு, எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்று ஒரு பட்டியல் எழுதினார். கே என்றால் ம. எல் என்றால் ட. அரைப்புள்ளி வந்தால் அதற்கு முன்னால் இருப்பதன் மேல் புள்ளி. நான்கு நாட்களில் பட்டியல் முடிந்தது. அதை வைத்துச் சொற்களைத் தானாக மாற்ற ஒரு சின்ன நிரலும் எழுதிவிட்டார்.

இன்னொரு கோளாறும் இருந்தது. இறக்குமதியான பாட்டுகள் பலவற்றில் நான்கு வரிசைகளுக்குக் கீழே ஐந்தாவதாக ஒன்று வந்தது. மற்ற வரிசைகளின் ஓரத்தில் எஸ், ஏ, டி, பி என்று குரலின் அடையாளம் இருக்கும். ஐந்தாவதன் ஓரத்தில் மட்டும் n[.gp. kl;Lk; என்று குப்பையாக ஏதோ இருந்தது. பழைய திரையில் பார்த்தால் நான்கு வரிசைகள்தான். இல்லாதது வந்து ஒட்டிக்கொள்வது அவருக்குப் புதிதல்ல. தேர்ந்தெடுத்து அழித்தார். அப்படிப் பதினோரு பாட்டுகளில் அழித்தார்.

அது அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பன்னிரண்டாவது பாட்டுக்கு வந்தபோது, பாட்டு வரிகளோடு தலைப்பையும் குறிப்புகளையும் சேர்த்து மாற்றிவிடலாமே என்று தோன்றி, கோப்பு முழுவதையும் நிரலுக்குள் விட்டார். திறந்தார். தலைப்பு தமிழில் வந்திருந்தது. வரிகள் தமிழில் வந்திருந்தன. ஐந்தாவது வரிசையின் ஓரத்தில், சுத்தமான தமிழில், 'ஜெ.பி. மட்டும்' என்று இருந்தது.

குழுவில் அவரை எல்லோரும் ஜெ.பி. என்றுதான் கூப்பிடுவார்கள்.

எழுந்து போய் நீல ஃபைலை எடுத்துவந்தார். அந்தப் பாட்டின் தாளைத் தேடித் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். சுரத்துக்குச் சுரம் அதே வரிசை. முதலில் சிரிப்புத்தான் வந்தது, தன் வரிசையையே அழித்துக்கொண்டிருந்தோமே என்று. பிறகு நான்காவது வரிசையைப் பார்த்தார். அதுதான் பேஸ். பேஸ் ஏறி இறங்கி நடந்துபோயிற்று. அதன் கீழே இருந்தது நடக்கவில்லை. ஒரே சுரத்தில் நான்கு தாளக் கட்டம் நின்றது. பேஸ் மேலே ஏறுகிற இடம் வந்தால் பாடாமல் ஓய்வு. பேஸ் இறங்கிவந்தால் மறுபடி அதே தாழ்ந்த சுரம். அதுவும் பக்கத்து ஆள் பாடுகிற அதே சுரம், அவர் பாடத் தொடங்கிய பிறகு அரைத் தட்டு தாமதமாக.

மாஸ்டரின் பாட்டுகளில் இரண்டாம் பேஸ் என்று ஒரு குரலே இல்லை. பாடத் தெரியாத ஒருவன் பாட்டைக் கெடுக்காமல் பாடுவதற்கு என்னென்ன செய்ய வேண்டுமோ அதெல்லாம் அந்த வரிசையில் செய்யப்பட்டிருந்தது. மாஸ்டர் பழைய மென்பொருளில் அதைத் திரையில் தெரியாதபடி மறைத்துவைத்துவிட்டு, அவருக்கு மட்டும் தனியாக அச்செடுத்துக் கொடுத்திருக்கிறார். மறைத்துவை என்கிற கட்டளை மட்டும் இறக்குமதியில் வராமல் போய்விட்டது.

அன்று சாயங்காலம் வரை அவர் கோப்புகளின் தேதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2007 ஜூனுக்கு முந்திய பாட்டுகளில் நான்கு வரிசைகள்தான். அவர் குழுவில் சேர்ந்தது அந்த ஜூனில். அதன் பிறகு வந்த நூற்று நாற்பத்து மூன்று பாட்டுகளிலும், ஒன்றுகூட விடாமல், ஐந்து. முதலாவதில் ஐந்தாம் வரிசைக்கு மேலே மாஸ்டர் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு வைத்திருந்தார்: 'ஆறு மாதம் பார்ப்போம்.' இரண்டாவதிலிருந்து குறிப்பு எதுவும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவர் பயிற்சிக்குப் போகவில்லை. இறக்குமதி வேலை இழுக்கிறது என்று டீச்சருக்குச் செய்தி அனுப்பினார். அடுத்த வெள்ளியும் அதையே அனுப்பினார். கம்பெனியில் ஜெர்மன்காரர்களின் பெண்கள் ஷூ வடிவம் ஒன்று வந்திருந்தது. குனிந்த தலை நிமிராமல் அதைப் பார்த்தார். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மேஜைக்காரர், கிறிஸ்மஸுக்கு உங்கள் பாட்டைக் கேட்க வரலாமா என்று விசாரித்தார். பார்ப்போம் என்றார்.

தன்னால் முடியாது என்பதை அவர் முழுதாக நம்பிவிடவில்லை. ஒரு நாள் விடிகாலையில் நான்காவது வரிசையை, உண்மையான பேஸை, மென்பொருளில் ஓடவிட்டு அதோடு சேர்ந்து பாடி, போனில் பதிவுசெய்து கேட்டார். கீழே இருக்கும்வரை சுமார். மேலே ஏறத் தொடங்கியதும் அவர் குரல் சுரத்துக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுகொண்டு, தான் சரியாக இருப்பதாக நினைத்துக்கொண்டு, கூடவே போயிற்று. பாடும்போது காதுக்கு அது தெரியவேயில்லை. பதிவில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். நான்கு தடவை பதிவுசெய்தார். நான்கையும் அழித்தார். பிறகு பாடுவதையே விட்டுவிட்டார்.

பத்து நாள் கழித்து வீட்டுக்கார மக்பூல் பாய் தண்ணீர் மோட்டாரைப் பற்றிச் சொல்ல மாடிக்கு வந்தார். தோல் மண்டி வைத்திருந்து, இப்போது மகன்களிடம் விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறவர். மோட்டார் பேச்சு முடிந்ததும் போகாமல் வாசலிலேயே நின்றார்.

"இன்னா சார், ஒடம்புக்கு இன்னா? காலைல சத்தத்தையே காணோம்."

"ஒண்ணுமில்ல பாய். கீழ ரொம்பக் கேக்குமா?"

"கேக்கும்."

ஜெயப்பிரகாஷ் கேட்டார். "எப்பிடி இருக்கும், சொல்லுங்க. நல்லா இருக்குமா?"

மக்பூல் பாய் யோசித்தார். "பாட்டு எனக்குத் தெரியாது சார். மேல ஆள் இருக்குதுன்னு தெரியும். இப்ப பத்து நாளா தெரியல, அதான் பேஜாரா இருந்துச்சு." மோட்டாரை ஆறு மணிக்கு மேல் போட வேண்டாம் என்று மறுபடி ஒரு தடவை சொல்லிவிட்டுக் கீழே போனார்.

அந்தச் சனிக்கிழமை ஜெயப்பிரகாஷ் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த தனபாக்கியம் டீச்சர் வீட்டுக்குப் போனார். டீச்சர் பாட்டுகள் வந்துவிட்டன என்று நினைத்து மகிழ்ந்துபோய்க் கண்ணாடியைத் தேடினார். ஜெயப்பிரகாஷ் ஒரு பாட்டைத் திறந்து, ஐந்தாம் வரிசையைப் பெரிதாக்கி, அவர் பக்கம் திருப்பிவைத்தார். டீச்சர் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எல்லாருக்குமா?"

"அப்ப இருந்தவங்க எல்லாருக்கும். புதுசா வந்த பசங்களுக்குத் தெரியாது."

பிறகு டீச்சர் நடந்ததைச் சொன்னார். ஜெயப்பிரகாஷ் சேர்ந்த இரண்டாம் வாரமே டெனரில் இருந்த இரண்டு பேர், இவரை வைத்துக்கொண்டு பாட முடியாது, நிறுத்திவிடுங்கள் என்று மாஸ்டரிடம் சொன்னார்கள். ஆறு மாதம் கொடுங்கள், பார்க்கிறேன் என்றார் மாஸ்டர். ஆறு மாதம் கழித்து அவர்கள் மறுபடி கேட்டார்கள். மாஸ்டர் அடுத்த பாட்டின் தாள்களைக் கொடுத்தார். அதிலும் ஒரு தாள் ஜெ.பி.க்குத் தனியாக இருந்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோயிற்று.

"என்னப் பாவம்னு வச்சிக்கினு இருந்தீங்களா?" என்று கேட்டார் ஜெயப்பிரகாஷ்.

டீச்சர் இல்லை என்று சொல்லிவிடுவார் என்றுதான் அவர் எதிர்பார்த்தார்.

"மொதல் வருஷம் அப்படித்தான் தம்பி. பொய் சொல்லக் கூடாது. அதுக்கப்புறம் மறந்துட்டோம். நீ வருவ, உன் எடத்துல நிப்ப, பாடுவ. அதுல தனியா நெனைக்க இன்னா இருக்குது?"

"மாஸ்டர் இன்னா நெனைச்சாரு?"

"எனக்குத் தெரியாது. நான் கேக்கல. கேட்டிருக்கலாம்."

டீச்சர் காபி போட எழுந்தார். ஜெயப்பிரகாஷ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நவம்பர் முடிவதற்குள் கிறிஸ்மஸ் பாட்டெல்லாம் நான்கு வரிசைகளோடு வந்துவிடும் என்றார். நான்கா என்று டீச்சர் கேட்டார். ஆமாம், பாட்டு நான்கு குரலுக்குத்தானே என்றார். டீச்சர் வாசல்வரை வந்து, அவர் தெருமுனை திரும்புகிறவரை நின்றிருந்தார்.

சொன்னபடி செய்தார். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததிலிருந்து இருட்டுகிறவரை. கோப்பைத் திறப்பது, ஐந்தாம் வரிசையை எடுப்பது, எழுத்தை மாற்றுவது, முதலிலிருந்து கடைசிவரை ஓடவிட்டுக் கேட்பது. இறக்குமதியில் சிதறிப்போன, சுரங்களைச் சேர்க்கும் இணைப்பு வளைவுகளை ஒவ்வொன்றாகப் பூட்டினார். சொற்கள் ஒரு சுரம் தள்ளி விழுந்திருந்த இடங்களை நகர்த்தி உட்காரவைத்தார். ஒரு பாட்டில் மாஸ்டரே டெனரில் ஒரு சுரத்தைத் தவறாக அடித்திருந்தது தெரிந்தது. அதைத் திருத்தலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்து, திருத்தாமல் விட்டார். நவம்பர் கடைசி வாரம் கிறிஸ்மஸுக்கான இருபது பாட்டுகள் புத்தகமாகத் தயாராயின. அவற்றில் தலைப்பு முதல் கடைசிக் கோடு வரை ஒரு பிழை இல்லை.

புத்தகங்களைக் கொடுக்க வெள்ளிக்கிழமை போனார். எல்லோரும் சுற்றிவந்து நின்றார்கள். தமிழ் எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள் என்றார்கள், கையைக் குலுக்கினார்கள், இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்றார்கள். தொண்டை சரியில்லை, இன்று கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு ஜெயப்பிரகாஷ் கடைசி வரிசை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். டீச்சர் கையைத் தூக்கினார்.

பதினேழு வருஷத்தில் அந்தக் குழு பாடுவதை அவர் வெளியிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. உள்ளே நிற்கும்போது பக்கத்து ஆளின் குரலும் தன் குரலும்தான் கேட்கும். இங்கே நான்கும் ஒன்றாக வந்தன. எங்காவது ஒரு இடத்தில் தடுமாறும், ஏதோ ஒன்று குறைகிறது என்று யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்று அவர் காத்திருந்தார். தான் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. யாரும் தடுமாறவில்லை. அவர் ஓய்வெடுக்கும் இடங்களிலும் பாட்டு போயிற்று, அவர் பாடவேண்டிய இடங்களிலும் பாட்டு போயிற்று. அழகாக இருந்தது. மூன்றாவது பாட்டு முடிவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வெளியே வந்துவிட்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது ஒரு கணக்குத்தான் மனதில் ஓடியது. நூற்று நாற்பத்து மூன்று பாட்டு. ஒவ்வொன்றிலும் அந்த வரிசையை எழுத எப்படியும் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். எழுத்தைக் கோத்து, ஓடவிட்டுக் கேட்டு, எது இவர் தொண்டைக்கு எட்டும் எது எட்டாது என்று பார்த்து, எட்டாததை எடுத்துவிட்டு, தனியாக அச்செடுக்க வேண்டும். தான் இந்த இரண்டு மாதமாகச் செய்த வேலை அது. பதினேழு வருஷம் செய்வதற்குப் பாவம் பார்த்தல் மட்டும் போதுமா என்று அவருக்குப் புரியவில்லை. வேறு என்னவாக இருந்தது என்றும் புரியவில்லை. கேட்பதற்கு ஆள் போய்விட்டார்.

மறுநாள் சனிக்கிழமை, கம்பெனி லீவு. மூலக்கோப்புகளை மறுபடி எடுத்து, இருபது பாட்டுகளில் தனக்கான வரிசை இருந்த பதினாறையும் திரும்ப இறக்குமதி செய்தார். இந்த முறை ஐந்தாம் வரிசையைத் தொடவில்லை. அதை மறைக்கும் வசதி புதிய மென்பொருளிலும் இருந்தது. கை அதன்மேல் ஒரு கணம் போய் நின்றது. பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டு, எல்லோர் புத்தகத்திலும் ஐந்து வரிசையும் தெரியும்படி அச்செடுத்தார். ஓரத்தில் மாஸ்டர் வைத்திருந்த பெயரில் 'மட்டும்' என்பதை மட்டும் எடுத்துவிட்டு, 'ஜெ.பி.' என்று வைத்தார்.

அடுத்த வெள்ளி அவற்றைத் தானே ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். டெனரில் நின்ற ஒரு புதுப் பையன், இது என்ன அண்ணே ஐந்தாவது என்று கேட்டான்.

"அது என்னுது," என்றார் ஜெயப்பிரகாஷ். "மேல ஏற வராது எனக்கு. அதுக்குன்னு மாஸ்டர் எழுதினது."

பையன் சரி என்று பக்கத்தைத் திருப்பினான். பழைய ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனபாக்கியம் டீச்சர் பேஸ் பக்கம் திரும்பி, ஐந்து வரிசையும் சேர்ந்து முதலிலிருந்து என்றார்.

கிறிஸ்மஸ் கீத ஆராதனை நன்றாக நடந்தது. ஜெயப்பிரகாஷ் பேஸ் ஓரத்தில் நின்று, தன் நின்ற சுரத்தைப் பாடி, ஓய்வு வந்த இடங்களில் வாயை மூடிக்கொண்டு மற்றவர்களைக் கேட்டார். முன்பு அந்த இடங்களில் மாஸ்டர் அவர் பக்கம் கையைத் தாழ்த்திக் காட்டுவார்; ஏதோ பெரிய பொறுப்பு தன்னிடம் இருப்பதுபோல் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இந்த வருஷம் யாரும் காட்டவில்லை. அவரே எண்ணிக்கொண்டார். முடிந்ததும் கேக் கொடுத்தார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டும் தேடிக்கொண்டும் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். நாலு பேர் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். எங்கே போவது என்று தெரியாமல் நால்வரிடமும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, எங்கும் போகாமல் மாடிக்கு வந்து சேர்ந்தார்.

ஜனவரியில் சபையின் ஆண்டு விழாவுக்காகச் சென்னையில் ஒருவரிடம் சொல்லிப் புதுப் பாட்டு ஒன்று எழுதி வாங்கினார்கள். கோப்பு மின்னஞ்சலில் ஜெயப்பிரகாஷுக்குத்தான் வந்தது. இனி இந்த வேலையெல்லாம் அவருடையது என்று ஆகிவிட்டிருந்தது. வேறொரு மென்பொருளில் எழுதியது. பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும்போது இறக்குமதி செய்தார். ஒரு எழுத்து சிதறவில்லை. ஒரு வளைவு விலகவில்லை. திருத்துவதற்கு ஒன்றுமே இல்லை. கீழே இழுத்துப் பார்த்தார். எஸ், ஏ, டி, பி. நான்கு வரிசைகள், அதன் கீழே வெள்ளையாகப் பக்கம்.

பிறகு மென்பொருளின் கட்டளைப் பட்டியலைத் திறந்து, நான்குக்கும் கீழே தனக்காக ஒரு வரிசையைச் சேர்த்தார். அது முழுக்க ஓய்வுக்குறிகளோடு வந்து நின்றது. மாஸ்டர் எங்கிருந்து தொடங்குவார் என்று நீல ஃபைலைப் புரட்டினார்; ஒவ்வொரு பாட்டிலும் ஒவ்வொரு விதமாக இருந்தது. முதலில் பேஸ் எங்கெல்லாம் ஏறுகிறது என்று பார்த்து அந்தக் கட்டங்களை அப்படியே ஓய்வாக விட்டார். மிச்சம் ஒன்பது கட்டங்கள். இரண்டாவதில் ஒரு சுரத்தை வைத்து, எல்லா வரிசையையும் சேர்த்து ஓடவிட்டார். ஒட்டவில்லை. ஒரு படி கீழே இறக்கினார். அதுவும் ஒட்டவில்லை. இன்னொரு படி இறக்கி, ஓடவிட்டு, அதன்மேல் தன் குரலை மெதுவாக வைத்துப் பார்த்தார். கீழே மக்பூல் பாய் வீட்டில் யாரோ கதவைத் திறந்து வாசலில் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது. இது பரவாயில்லை என்று தோன்றியது. அடுத்த கட்டத்துக்குப் போனார்.